காப்பு நிதிக்கு ஒரு பட்டுச் சால்வை

எங்கள் ஊர் வாயில்லா ஜீவன்கள் நல அறக்கட்டளையிடம் நாற்பத்து மூன்று லட்ச ரூபாய் இருக்கிறது. ஜீவன்கள்தான் இல்லை. கடைசியாக இருந்தது கண் தெரியாத ஒரு கழுதை. அதுவும் நான்கு வருடத்துக்கு முன்பு செத்துப்போனது. தீவனச் செலவு மிச்சமானதை அந்த ஆண்டறிக்கையில் ‘நிதிநிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று வண்ணத்தில் அச்சிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே கழுதையின் படமும் இருந்தது, மாலையோடு.

கண்ணமங்கலம் ரோட்டில் அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. நாய்களுக்கென்று கட்டிய கூண்டுகளில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. கட்டடத்தில் ஒரே ஓர் அறைக்குத்தான் ஏசி. அந்த அறையில் ஒரு பீரோ, பீரோவுக்குள் கண்ணாடிச் சட்டம் போட்ட வைப்பு நிதி ரசீது. வெயில் காலத்தில் ரசீது மஞ்சளாகிவிடக் கூடாதாம். வாசலில் ஒரு பலகை: ‘ஜீவன்களை உள்ளே அழைத்து வர வேண்டாம்.’

ஊரில் உள்ள மருந்துக் கடை, பால் கடை, மளிகைக் கடை எல்லாவற்றிலும் அவர்களுடைய மஞ்சள் உண்டியல் இருக்கும். அதன்மேல் கண்ணீர் விடும் நாயின் படம். பட்டு நெசவு செய்யும் ரேணுகாம்பாள், கூலி வாங்கிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பால் கடை உண்டியலில் பத்து ரூபாய் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக, ஒரு வாரம்கூடத் தவறாமல். அவள் புருஷன் குமரேசன் டீ குடிக்கக் கேட்டால் அந்தப் பத்து ரூபாய் கிடைக்காது.

அவர்கள் தெருவில் ஜரிகை என்று ஒரு நாய். பழுப்பு உடம்பில் கழுத்திலிருந்து வால்வரை மஞ்சளாக ஒரு கோடு ஓடும், அதனால் அந்தப் பெயர். அதற்கு ஒரு வேலையும் இருந்தது. விடிந்ததும் தெருவில் கட்டைகளை நட்டுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு இழைகளை, இழுத்துக் கட்டுவார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒரு ஆட்டுக்குட்டி நடுவில் புகுந்தால் போதும், ஒரு மாத உழைப்பு சிக்கலாகிவிடும். ஜரிகை பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருக்கும். ஆடு, மாடு, கோழி எதையும் அண்ட விடாது. தான் மட்டும் பாவுக்குக் கீழே ஒருநாளும் நுழையாது. இதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று காலை ரேணுகாம்பாள் வீட்டுப் பாவு தெருவில் இருந்தது. ஆறு சால்வைக்கான பாவு. பட்டு, ஊரில் பெரிய பட்டு மாளிகை வைத்திருக்கும் ராஜ்குமாருடையது. அவர்தான் அறக்கட்டளைக்கும் தலைவர். அறக்கட்டளை வருடத்துக்கு ஆறு விழா நடத்தும், விழாவுக்கு ஒரு சிறப்புச் சால்வை. நெய்வது இவர்கள், கூலி அறக்கட்டளைக் கணக்கு. முதல் விழா, காப்பு நிதியின் வெள்ளி விழா. அதன் விளம்பரத் தட்டிகளுக்குக் கம்பு ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை லோடு வண்டி வழி தெரியாமல் தெருவுக்குள் வேகமாகத் திரும்பியது. ஓட்டியவன் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். ஜரிகை பாவுக்கும் வண்டிக்கும் நடுவில் பாய்ந்து நின்று குரைத்தது. வண்டி சறுக்கி நின்றது. பாவில் ஓர் இழைகூட அறுபடவில்லை. ஜரிகையின் இடது பின்னங்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

கால்நடை மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டுச் சொன்னார். “இங்க ஆவாதும்மா. வேலூர்ல பிரைவேட்டா பண்றாங்க, பிளேட்டு வெக்கணும். இருபத்திரண்டாயிரம் ஆவும். மூணு வாரத்துக்குள்ள பண்ணிடுங்க. உட்டீங்கன்னா எலும்பு கோணலா ஒட்டிக்கும், அப்புறம் காலையே எடுக்கணும்.”

வீட்டில் நாலாயிரம் இருந்தது. ரேணுகாம்பாளுக்கு உடனே மஞ்சள் உண்டியல் ஞாபகம் வந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது என்று குமரேசன் பிற்பாடு சொன்னான். “நமக்கு இன்னா பயம், நாம எட்டு வருசமா கட்டிகினு வந்துகிறோம்” என்றாளாம்.

நாயைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலகையைப் பார்த்துவிட்டு, குமரேசன் நாயோடு வெளியே வெயிலில் நின்றான். ரேணுகாம்பாள் மட்டும் உள்ளே போனாள்.

பொருளாளர் வீரபாகு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார். நாற்பது வருடமாகக் கடன் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பதப்பட்ட குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“அம்மா, காப்பு நிதின்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“ஆபத்துக் காலத்துல எடுக்கறதுக்காக வெச்சிருக்கற பணம்.”

“அப்பாடா. இது ஆபத்துதானுங்களே?”

“இது நாய்க்கு ஆபத்து. அறக்கட்டளைக்கு இன்னும் ஒரு ஆபத்தும் வரலையே.”

ரேணுகாம்பாளுக்குப் புரியவில்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, முதலிலிருந்து சொன்னாள். நாய், பாவு, வண்டி, கால். வீரபாகு பொறுமையாக மறுபடியும் கேட்டார். கேட்பதற்குச் செலவில்லை.

“நாய் உங்களுதா?”

“தெரு நாய்ங்க. நாங்கதான் சோறு போட்டுகினு கீறோம்.”

“சோறு போட்டா வளர்ப்பு நாய். வளர்ப்பு நாய்க்கு வளர்க்கிறவங்கதான் செலவு பண்ணணும். விதி ஆறு.”

“அப்ப தெரு நாய்னே வெச்சிக்கோங்க.”

“தெரு நாய்னா, அதுக்காக மனு கொடுக்க நீங்க யாரு? சம்பந்தப்பட்ட ஜீவன்தான் கொடுக்கணும்.”

அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவையாகச் சொல்லியிருந்தால் ரேணுகாம்பாள் மன்னித்திருப்பாள். அவர் மேஜை டிராயரிலிருந்து மூன்று பக்க மனுவை எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் ‘ஜீவனின் கால் ரேகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அடிபட்ட காலின் ரேகை செல்லாது என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

“நீங்க பணம் இல்லன்னு சொன்னாலும் பரவால்லைங்க” என்றாள் ரேணுகாம்பாள்.

வீரபாகுவுக்கு இது சுருக்கென்று பட்டது. “இல்லைன்னு யார் சொன்னா? நாற்பத்து மூணு லட்சம் இருக்கு. போன வருஷம் ஜீவன்களுக்காக நாங்க செலவு பண்ணது ஆயிரத்து நூத்தி நாப்பது ரூபா. அந்தக் கணக்குல பார்த்தா, இனிமே ஒரு பைசா வரலைன்னாலும் மூவாயிரத்து எழுநூத்தி எழுபத்தோரு வருஷம் நாங்க தாக்குப் பிடிப்போம். பெரிய பெரிய அறக்கட்டளையெல்லாம் ரெண்டு வருஷத்துல ஆட்டம் கண்டுடும். நீங்க பெருமைப்படணும்.”

அந்த ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் கூட்டத்தில் உறுப்பினர்கள் குடித்த டீக்கான சர்க்கரை. சிந்திய சர்க்கரையை எறும்புகள் தின்றன. ஆண்டறிக்கையில் ‘பயனடைந்த ஜீவன்கள்: ஆறு லட்சம் (தோராயமாக)’ என்று இருப்பது அந்த எறும்புகள்தான். நான் கற்பனை செய்து சொல்லவில்லை, பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாம் நாள் அவள் ராஜ்குமாரைப் பார்க்கப் பட்டு மாளிகைக்கே போனாள். மெத்தைமேல் சேலைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ராஜ்குமார் அவளை உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார். மரியாதையில் குறையே வைக்க மாட்டார்.

“உங்க பாவக் காப்பாத்தப் போய்தாங்க அதுக்கு அடிபட்டுச்சி” என்றாள் ரேணுகாம்பாள்.

“பாவு நல்லா இருக்கில்ல?”

“இருக்குதுங்க.”

“அதான் வேணும். பாருங்க ரேணுகா, காப்பு நிதியைச் சும்மா பணம்னு நெனைக்கிறீங்க. அது தப்பு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அது வெறும் முப்பதாயிரம். சின்னக் குட்டி. அப்ப இருந்து நாங்க எடுத்து வளர்த்தோம். மழையில நனையாம, எவன் கண்ணும் படாம பாத்துக்கினோம். இன்னிக்கு வருஷா வருஷம் வட்டி போடுது. அதுவும் வாயில்லா ஜீவன்தானே? ‘என்னை எடுக்காதீங்க’ன்னு அது வாயத் தொறந்து சொல்லுமா? அதுக்காக நாமதானே பேசணும்?”

கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ரேணுகாம்பாள் மோரைக் கீழே வைத்தாள்.

“என் பத்து ரூபாயும் அதுலதான் கீதுங்களா?”

“நல்லா இருக்கு. வட்டியோட இருக்கு. கவலையே படாதீங்க.”

அவள் இவ்வளவு தூரம் வந்ததற்காக, செயற்குழுவில் வைத்துப் பேசுவதாகச் சொன்னார். செயற்குழு எட்டாம் நாள் கூடியது. ரேணுகாம்பாளை ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மணி பத்தரை. ஜரிகை வீட்டில் சாக்கின்மேல் படுத்து முனகிக்கொண்டிருந்தது.

முதலில் பொன்னாடை போர்த்தினார்கள். உறுப்பினர்கள் பதினொரு பேர். தலைவர் செயலாளருக்குப் போர்த்த, செயலாளர் பொருளாளருக்குப் போர்த்த, வட்டமாகப் போய்க் கடைசி ஆள் தலைவருக்குப் போர்த்தினார். ஒவ்வொரு போர்த்தலுக்கும் கைதட்டல், படம். இது முடிய நாற்பது நிமிடம். போன ஆண்டு பொன்னாடைச் செலவு இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். அது ஜீவன்களுக்கான செலவில் சேராது, ‘கௌரவம்’ என்ற தலைப்பில் வரும்.

அடுத்து ரசீதை ஏசி அறையிலிருந்து தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்தார்கள். அப்போது வீரபாகு ஓர் அதிர்ச்சித் தகவல் சொன்னார். சட்டத்துக்குள் இரண்டு ராமபாணப் பூச்சிகள் தென்பட்டனவாம். குழு கலங்கிவிட்டது. ஓர் உறுப்பினருக்கு விசிறி விட வேண்டியிருந்தது. வேலூரிலிருந்து உடனே ஆள் வரவழைத்து மருந்தடிக்க ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஐந்து நிமிடத்தில் ஒதுக்கப்பட்டது. பூச்சியும் ஜீவன்தானே என்று யாரோ கேட்டார்கள். ‘காகிதம் தின்னும் உயிரினங்கள் ஜீவன் என்ற வரையறைக்குள் வாரா’ என்று தீர்மானம் நிறைவேற்றி அந்தச் சிக்கலையும் தீர்த்தார்கள்.

ஒன்றே கால் மணிக்கு ஜரிகையின் கால் விவாதத்துக்கு வந்தது. சாப்பாடு தயாராக இருந்ததால் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ‘ஜரிகை என்னும் நாயின் இடது பின்னங்காலுக்கு இக்குழு தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.’ தீர்மானத்தைச் சட்டம் போட்டு ரேணுகாம்பாள் கையில் கொடுத்தார்கள். நானூற்றைம்பது ரூபாய்ச் சட்டம். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள்.

ரேணுகாம்பாள் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை அவளுக்குக் குழப்பம்தான் இருந்தது, தனக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது கோபம் வந்தது. எட்டு வருடத்துப் பத்து ரூபாய்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தன. காய்ச்சல் வந்து மருந்து வாங்காமல் உண்டியலில் போட்ட ஒரு பத்து ரூபாய் உட்பட. இவர்களைச் சும்மா விடுவதில்லை என்று அந்தக் கூண்டுகளுக்கு எதிரே நின்றபடி முடிவு செய்தாள்.

அலுவலக எழுத்தர் சுகன்யா பின்னாலேயே ஓடி வந்தாள். அவளுக்கு மாதம் நாலாயிரம் சம்பளம். ஏழு வருடமாக ஏற்றவில்லை, ஏற்றினால் காப்பு நிதி வருத்தப்படும்.

“அக்கா, இத்தப் படிங்க. விதி பத்தொம்பது.”

ஜெராக்ஸ் காகிதத்தில் இருந்தது: ‘அறக்கட்டளையின் நற்பெயருக்கு ஆபத்து நேரிடின், அந்த ஆபத்தின் மூலகாரணத்தைச் சரிசெய்யத் தேவையான தொகையை, எவர் ஒப்புதலும் இன்றிப் பொருளாளர் அன்றே காப்பு நிதியிலிருந்து எடுக்கக் கடமைப்பட்டவர்.’

“வீரபாகு சாரே எழுதுனது. எழுதுன விதிய அவரு மீறவே மாட்டாரு. பேஜார் புடிச்ச மனுசன்” என்றாள் சுகன்யா. “நாய்க்கு ஆபத்து வந்தா பத்தாதுக்கா. இவங்களுக்கு வரணும்.”

“வர வெச்சிட்டா போவுது” என்றாள் ரேணுகாம்பாள். “அந்தக் கணக்குப் புக்கு ஒண்ணு குடு.”

வீட்டுக்கு வந்ததும் பாவைத் தறியில் ஏற்றினாள். ஜரிகை காப்பாற்றிக் கொடுத்த அதே பாவு. வெள்ளி விழாவுக்குப் பத்து நாள் இருந்தது, மருத்துவர் சொன்ன கெடுவுக்குப் பதின்மூன்று நாள். பட்டில் எழுத்து நெய்வது எங்கள் ஊரில் புதிதில்லை. கல்யாணச் சேலையில் மாப்பிள்ளை பெண் பெயரை ஜரிகையில் கோத்துக் கொடுப்பார்கள். ஓர் எழுத்துக்கு இத்தனை இழை தூக்கி இத்தனை இழை விட வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் முதலில் எழுதிக்கொள்வார்கள். குமரேசன் தாளில் எழுத எழுத, அவள் ஆண்டறிக்கையிலிருந்து எண்களைச் சொன்னாள்.

“மாட்டிகினா கூலி போயிடும்” என்றான் குமரேசன்.

“போவட்டும்.”

“வேற கடையில பட்டும் குடுக்க மாட்டாங்க.”

“நீ சரியா எழுது. ‘ல’ பக்கத்துல ஒரு கட்டம் உட்டுட்ட.”

அவன் அழித்துவிட்டு எழுதினான். அவனுக்கும் கோபம் இருந்தது, பயமும் இருந்தது. அவளுக்கு இரண்டாவது இல்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை நெய்தாள். தறிக்குப் பக்கத்தில் சாக்கில் கிடந்த ஜரிகை, ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் கஞ்சியைக்கூடத் தொடவில்லை. அன்று ரேணுகாம்பாள் அழுதாள், அழுதுகொண்டே இரண்டு வரி நெய்தாள்.

நெய்யத் தொடங்கிய ஒன்பதாம் நாள் சால்வையை அறுத்து எடுத்து மடித்தாள். எழுத்து உள்மடிப்பில் போயிற்று. மேல்மடிப்பில் புட்டாக்கள், சிறுசிறு ஜரிகை உருவங்கள், மட்டும் தெரிந்தன. பட்டு மாளிகையில் ராஜ்குமார் சால்வையைத் தராசில் வைத்தார். எடை சரி. ஓரத்து ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசல். பட்டை இரண்டு விரலால் கசக்கிக் காதருகே வைத்து ஓசை கேட்டார்.

“புட்டா புதுசா இருக்கே. மானா?”

“ஆமாங்க” என்றாள் ரேணுகாம்பாள்.

“ஒரு கால் கம்மியா தெரியுது?”

“ஓடற மானுங்க. மடக்கி வெச்சிகினு கீது.”

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பிரித்துப் பார்க்கவில்லை. பொன்னாடையை மேடையில்தான் பிரிக்க வேண்டும், முன்னாலேயே பிரித்தால் மடிப்பு கெட்டு மேடையில் எடுபடாது. முப்பது வருடம் பட்டு விற்றவர், பட்டை எடை போட்டார், சுரண்டினார், காதில் வைத்துக் கேட்டார். படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளி விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. அடிபட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மேடை நடுவில் மணமக்கள் உட்காரும் சிம்மாசன நாற்காலி, அதில் சட்டம் போட்ட ரசீது, அதற்கு ரோஜா மாலை. ஊரே வந்திருந்தது, சாப்பாடு உண்டு என்பதால். நெசவாளர்கள் பின்வரிசையில். குமரேசன் ஜரிகையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தான். இது கல்யாண மண்டபம், பலகை இல்லை.

தலைமை விருந்தினர் ஓய்வு பெற்ற நீதிபதி தெய்வநாயகி அம்மாள். நீதிமன்றத்தில் பழகிப்போன ஒரு வழக்கம் அவருக்கு உண்டு. கையில் எழுத்து எது வந்தாலும் உரக்கப் படித்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக்கூட மண்டப வாசலில் நின்று முழுதும் படிப்பவர்.

ராஜ்குமார் பேசினார். “இந்த இருபத்தஞ்சு வருஷத்துல எத்தனையோ சோதனை. வெள்ளம் வந்துச்சு, மாடுங்கள்லாம் தத்தளிச்சுது. நிதியை எடுத்துடலாமான்னு எங்களுக்கே மனசு தடுமாறிச்சு. தடுமாறலாமா? உறுதியா நின்னோம். கொரோனா காலத்துல நாய்ங்க ரோட்டுல பட்டினியா கெடந்துச்சு. அப்பவும் ஒரு பைசா தொடல. இந்தத் தியாகம் யாருக்கு வரும்?” முன்வரிசை கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்போது நீதிபதி அம்மா அவர்கள், காப்பு நிதிக்குப் பொன்னாடை அணிவித்துக் கௌரவிப்பார்கள்.”

தெய்வநாயகி அம்மாள் சால்வையைக் கையில் வாங்கி உதறிப் பிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை எழுத்து பளிச்சென்று இருந்தது. “அடடே, எழுத்தெல்லாம் நெய்திருக்கிறார்களே” என்று ஒலிபெருக்கிக்கு முன்னால் நகர்ந்து படிக்க ஆரம்பித்தார்.

“காப்பு நிதி ரூபாய் நாற்பத்து மூன்று லட்சம்.” முன்வரிசை கைதட்டியது.

“பொன்னாடைச் செலவு ரூபாய் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம்.” தட்டல் கொஞ்சம் குறைந்தது.

“ஜீவன்களுக்குச் செலவு ரூபாய் ஆயிரத்து நூற்று நாற்பது. அதுவும் டீச் சர்க்கரை.” நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நிறுத்துவார் என்று ராஜ்குமார் எதிர்பார்த்தார். பாதியில் நிறுத்துவது அவருக்கு வழக்கமில்லை. “உங்கள் பாவைக் காப்பாற்றிய நாய் ஜரிகையின் காலுக்கு, அனுதாபம் ஒன்று. சட்டம் போட்டது.”

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் மண்டபமே இரைந்தது. பால் கடைக்காரர் எழுந்து, “என் கடை உண்டியல இப்பவே வந்து எடுத்துகினு போங்கடா” என்று கத்தினார். மருந்துக் கடைக்காரரும் எழுந்தார். கைபேசிகள் எல்லாம் மேடையைப் பார்த்து உயர்ந்தன. நீதிபதி சால்வையை மடிக்காமல் புட்டாவை உற்றுப் பார்த்தார். “இது மான் இல்லை. மூன்று கால் நாய்” என்று அதையும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

“இந்தப் பொம்பளதான் எல்லாத்துக்கும் மூலகாரணம்! கூப்பிடுங்க போலீஸ!” என்று ராஜ்குமார் ரேணுகாம்பாளைக் கைகாட்டினார். பாவம், கோபத்தில் அந்தச் சொல்லை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வீரபாகு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் அதே குரல். “தலைவரே, அறக்கட்டளையின் நற்பெயருக்கு ஆபத்து வந்துடுச்சு. விதி பத்தொன்பது. மூலகாரணத்தை இன்னிக்கே சரிசெய்யணும்.”

“அதான் சொல்றேன், அவளை...”

“அந்தம்மாவ எந்தத் தொகையாலும் சரிசெய்ய முடியாது சார். கணக்குப்படி மூலகாரணம் நாயோட இடது பின்னங்கால்.” அவர் மேடையிலேயே கைபேசியை எடுத்தார். வைப்பு நிதியை உடைக்க நான்கு நிமிடம் ஆயிற்று. ஏசியில் வைத்த ரசீதை யாரும் கேட்கவே இல்லை.

எடுத்தது இருபத்திரண்டாயிரமும், வண்டி வாடகை ஆயிரத்து எண்ணூறும். சுகன்யாவும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டாள். அன்று மாலையே வேலூரில் சேர்த்து, மறுநாள் பிளேட் வைத்தார்கள். ஆறு வாரத்தில் ஜரிகை நான்கு காலையும் ஊன்றியது. கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறது, ஆனால் பாவுக் காவலுக்குத் திரும்பிவிட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ராஜ்குமார் பிழைத்திருப்பார். ஊர் எதையும் இரண்டு மாதத்தில் மறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் கடையில் பட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கணக்கை அப்படியே விட்டுவிட்டு ரேணுகாம்பாள் வீட்டுக்குப் புறப்பட்டார். தறி முன்னால் வந்து நின்று பாவைப் பார்த்தார்.

“ரேணுகா, நான் குடுத்தது ஆறு சால்வைக்குப் பாவு.”

“ஆமாங்க. ஒண்ணுதான் அறுத்துகிறோம். அஞ்சு கீது.”

“மிச்சத்த நெய்ய வேணாம். கூலி முழுசா குடுத்துடறேன். பாவத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“தறியில ஏத்துன பாவ எப்டிங்க எறக்குறது? சிக்காயிடும். ஒங்க பட்டு, வீணாவலாமா?” ரேணுகாம்பாள் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மரியாதையில் அவளும் குறை வைக்கவில்லை. “ஒண்ணும் அவசரமில்லைங்க. அடுத்த சால்வையில இன்னா எழுதறதுன்னே நான் இன்னும் யோசிக்கல. ராமபாணப் பூச்சிக்கு மருந்தடிச்ச கணக்க சுகன்யா குடுத்துகீது. வெள்ளத்துல மாடு செத்த கணக்கு கெடச்சா அதுவும் நல்லாதான் இருக்கும்.”

அவர் மோரைக் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு வீரபாகு காலை நடையைப் பாதை மாற்றிக்கொண்டார். தினமும் ஏழு மணிக்கு ரேணுகாம்பாள் தெரு வழியாக வருவார், அவள் வீட்டு வாசலில் செருப்பைச் சரிசெய்வதுபோல நின்று காது கொடுப்பார். தறிச் சத்தம் கேட்காவிட்டால் நிம்மதியாக நடப்பார். அந்த வீட்டில் தறி இரண்டு உண்டு, இன்னொன்றில் குமரேசன் சாதாரணக் கல்யாணச் சேலை நெய்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. அவன் வேகமாக நெய்த ஒரு வியாழக்கிழமை, கண்ணமங்கலம் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த கன்றுக்குட்டியை அறக்கட்டளை வண்டி எட்டரை மணிக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. கூண்டிலிருந்த நாற்காலிகள் வெளியே வந்துவிட்டன. இப்போது உள்ளே ஏழு நாய், இரண்டு கன்று, ஒரு கழுதை. சுகன்யாவுக்குச் சம்பளம் ஒன்பதாயிரம். ஏசியைச் சினைப் பூனை இருக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ரேணுகாம்பாள் அந்தப் பாவைத் தொடவே இல்லை. மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைப் பத்து ரூபாயை இப்போது குமரேசனுக்கு டீ குடிக்கக் கொடுக்கிறாள்.

நேற்று காலை குமரேசன் வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில் ஓர் ஆட்டுக்குக் கல்லடிபட்டுக் கண் வீங்கியிருந்தது, மனு கொடுத்து இரண்டு நாளாகியும் பதில் இல்லை. ஏழு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. தறிக்குக் கீழே படுத்திருந்த ஜரிகை காதைத் தூக்கியது. ரேணுகாம்பாள் எழுந்து போய் வேட்டியை விலக்கினாள், நாடாவில் ஊடைகூட ஏற்றாமல் சும்மா இரண்டு தடவை தறியை அடித்தாள்.

வெளியே வீரபாகு கைபேசியை எடுத்தார்.